செமினார் ஹாலின் சாவியை யாருக்குக் கொடுக்கிறீர்கள்? குமரி மாவட்டக் கல்லூரிகளுக்கு ஒரு திறந்த மடல்

குமரி மாவட்டத்துக் கலை அறிவியல், பொறியியல், பாலிடெக்னிக் கல்லூரிகளின் முதல்வர்களுக்கும் தாளாளர்களுக்கும் பிளேஸ்மென்ட் பொறுப்பு ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

நான் தக்கலையில் இருக்கும் ஆயுள் காப்பீட்டு முகவர். இந்தத் தொழிலிலேயே தலை நரைத்தவன். அப்பாவுக்கு நான் போட்ட பாலிசி முதிர்ந்து, இப்போது மகனுக்குப் போட்டுக்கொண்டிருக்கும் வீடுகள் பத்மநாபபுரத்திலும் மார்த்தாண்டத்திலும் உண்டு. ஆகவே காப்பீட்டையோ கமிஷனையோ குறை சொல்ல இதை எழுதவில்லை. கமிஷன்தான் என் வீட்டு அடுப்பை எரிய வைக்கிறது. நான் கேட்க வந்தது இரண்டு விஷயம். உங்கள் மாணவர்களின் போன் எண்கள் வெளியே எப்படிப் போகின்றன? அந்த எண்களைக் கூப்பிட்டு, வேலை என்ற பெயரில் செயின் முறையில் ஆள் சேர்க்கிறவர்களுக்கு உங்கள் செமினார் ஹால் ஏன் திறந்துவிடப்படுகிறது?

இறுதி செமஸ்டர் முடிந்ததும் அழைப்புகள் தொடங்கிவிடும். எப்படிப் பேசுவார்கள் என்று உங்கள் பிள்ளைகளிடமே கேட்டுப் பாருங்கள். “பி.காம். முடிச்சிருக்கீங்க இல்லையா? உங்க ப்ரொஃபைல் ஷார்ட்லிஸ்ட் ஆகியிருக்கு. சனிக்கிழமை காலைல நாகர்கோவில்ல இன்டர்வியூ. ஃபார்மல் டிரஸ்ல வந்துருங்க.” எந்த கம்பெனி என்றால், “ஒரு பெரிய ஃபைனான்ஷியல் குரூப்.” என்ன வேலை என்றால், “அதெல்லாம் நேர்ல சொல்றோம்.” சம்பளம் எவ்வளவு என்றால், “உங்க திறமைக்கு லிமிட்டே கிடையாது.” கேரள எல்லையோரம் களியக்காவிளை, பளுகல் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதே பேச்சு மலையாளத்திலும் வரும். என் நம்பர் எப்படிக் கிடைத்தது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: “உங்க காலேஜ்ல இருந்துதான்.”

அந்தப் பதில் பல நேரம் பொய். சில நேரம் பொய்யில்லை. அதனால்தான் இந்த மடல் உங்களுக்கு வருகிறது.

சனிக்கிழமை போகிற பிள்ளை பார்ப்பது வாடகைக்கு எடுத்த ஒரு மாடி ஹால். சத்தமாகப் பாட்டு, கைதட்டல், கோட் போட்ட இருபத்தைந்து வயதுப் பையன், அவன் பின்னால் திரையில் ஒரு கார். முதல் ஒரு மணி நேரம் எந்தப் பொருளைப் பற்றியும் பேச்சு இருக்காது. அப்பாவின் கஷ்டம், அம்மாவின் வைத்தியச் செலவு, வேலைக்குப் போனவர்கள் எல்லாரும் அடிமைகள் என்ற மாதிரி போகும். அப்புறம் பலகையில் வட்டங்கள் வரும். நடுவில் நீங்கள், கீழே உங்கள் ஆட்கள், அவர்களுக்குக் கீழே அவர்கள் ஆட்கள். கடைசியில் ஒரு தாளும் பேனாவும் கொடுத்து, தெரிந்தவர்கள் நூறு பேரின் பெயரையும் எண்ணையும் எழுதச் சொல்வார்கள். நேம் லிஸ்ட் என்பது அதன் பெயர். அடுத்த வாரம் வேறு நூறு வீடுகளில் போன் அடிப்பது இந்தத் தாளால்தான்.

சரி, விற்பது என்ன? சில கூட்டங்களில் ஆயுள் காப்பீடு, சிலவற்றில் மியூச்சுவல் ஃபண்ட். ஃபாரெக்ஸ், கிரிப்டோ என்று போகிற கூட்டங்களும் உண்டு. அவை தனி ரகம், அங்கே பொருளே கிடையாது. எனக்குத் தெரிந்த காப்பீட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முறையான முகவர் ஆக என்ன வேண்டும்? 18 வயது நிறைந்திருக்க வேண்டும், பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும், ஐ.சி.38 என்ற முகவர் தேர்வில் வெற்றி பெற வேண்டும். அப்புறம் ஒரு காப்பீட்டு நிறுவனம் நேரடியாக நியமனக் கடிதம் கொடுக்கும், முகவர் எண் கொடுக்கும். நான் போடும் பாலிசியில் என் எண் இருக்கும், கமிஷன் எனக்கு வரும். நான் இன்னொருவரை இந்தத் தொழிலுக்கு அழைத்து வந்தால், அவர் போடும் பாலிசியின் கமிஷனில் எனக்குப் பங்கு கிடையாது. முகவர்களைச் சேர்த்துப் பழக்கிவிடுவது நிறுவனத்து அதிகாரியின் வேலை. அவர்களும் போன் செய்து ஆள் கேட்பார்கள்தான், அதில் தப்பில்லை. ஆனால் அவர்கள் கம்பெனி பெயரை முதல் வாக்கியத்திலேயே சொல்வார்கள், சம்பளம் கிடையாது கமிஷன்தான் என்பதையும் சொல்வார்கள்.

செயின் கூட்டத்தில் நடப்பது வேறு. சேர்ந்த பிள்ளைக்குத் தேர்வும் கிடையாது, முகவர் எண்ணும் கிடையாது. “ஐடி போட்டாச்சு” என்பார்கள்; அந்த ஐடி அவர்களுடைய சொந்த ஆப்பில் வருகிற ஒரு எண், அவ்வளவுதான். பிள்ளை தன் சித்தியிடமும் மாமியிடமும் பேசிக் கொண்டுவரும் பாலிசிகள் எல்லாம் மேலே இருக்கிற அப்லைனின், அதாவது சேர்த்துவிட்டவரின், எண்ணிலோ அவர் மனைவியின் எண்ணிலோ ஏறும். நிறுவனம் கொடுக்கும் கமிஷன் அங்கே போய், அதில் ஒரு துண்டு இன்சென்டிவ் என்ற பெயரில் கீழே இறங்கும். இறங்காமலும் போகும். நாளைக்குப் பாலிசியில் சிக்கல் வந்தால் சித்தி வந்து நிற்பது அந்தப் பிள்ளையின் வீட்டு வாசலில். காகிதத்தில் பார்த்தால் அந்தப் பிள்ளைக்கும் பாலிசிக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்காது.

இது சட்டத்துக்கு வெளியே நடக்கிற வேலை. 1938-ஆம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்தின் 42ஏ பிரிவு, 2015-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, பல அடுக்கு முறையில் காப்பீடு எடுக்க யாரையும் தூண்டக் கூடாது என்று தெளிவாகத் தடுக்கிறது. அதிகாரம் பெறாத ஆட்களைக் கொண்டு காப்பீடு பிடிப்பதும், அதற்காக ஆட்களைச் சங்கிலியாகச் சேர்ப்பதும், என்ன பெயர் வைத்தாலும், அந்தத் தடைக்குள் வரும். இப்படிச் செய்கிறவர்கள்மீது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் போலீசில் புகார் கொடுக்கவும் அதே பிரிவு வழி செய்கிறது. ‘டைரக்ட் செல்லிங், கவர்மென்ட் அப்ரூவ்டு’ என்று மேடையில் ஒரு தாளை ஆட்டிக் காட்டுவார்கள். நேரடி விற்பனைக்கான 2021 விதிகளே பிரமிடு திட்டத்தையும் பணச் சுழற்சித் திட்டத்தையும் தடை செய்கின்றன.

இன்னொரு சட்டம் உங்களுக்கு நேரடியாகவே பொருந்தும். பரிசுச் சீட்டு மற்றும் பணச் சுழற்சித் திட்டங்கள் தடைச் சட்டம், 1978. வருமானம் ஆள் சேர்ப்பதிலிருந்து வருகிற திட்டத்தை நடத்துகிறவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை. உறுப்பினராகச் சேர்வதும் அதில் குற்றமே. ஆகவே ஏமாந்த பிள்ளை போலீசுக்குப் போகப் பயப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். அப்படிப்பட்ட திட்டத்துக்குத் தன் இடத்தைப் பயன்படுத்தத் தெரிந்தே அனுமதிக்கிறவரையும் அந்தச் சட்டம் விட்டுவைக்கவில்லை. உங்கள் செமினார் ஹாலும் ஓர் இடம்தான். ‘கேரியர் கைடன்ஸ் ப்ரோகிராம்’ என்று பேனர் கட்டியிருந்தார்கள், எங்களுக்குத் தெரியாது என்று முதல் தடவை சொல்லலாம்.

போன வருடம் என்னிடம் வந்த ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். ஊர் குலசேகரம் பக்கம். அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர், அம்மா அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரிப் பருப்பு ஆலைக்குப் போகிறவர். மழைக்காலத்தில் பால்வெட்டு நின்றுவிட்டால் அந்த வீட்டில் அம்மாவின் கூலிதான். கல்லூரியிலேயே நடந்த கேம்பஸ் டிரைவில் பிள்ளை தேர்வானது. பதவியின் பெயர் ஃபைனான்ஷியல் அட்வைசர். சேர்ந்த முதல் வாரமே, “நீங்களே கஸ்டமரா இல்லைன்னா மத்தவங்ககிட்ட எப்படிப் பேசுவீங்க?” என்று கேட்டு, பிள்ளையின் பெயரில் வருடம் 24,000 ரூபாய் பிரீமியத்தில் ஒரு பாலிசி போட வைத்திருக்கிறார்கள். அம்மா மகளிர் குழுவில் கடன் எடுத்துக் கொடுத்தார். அப்புறம் பெரியம்மா, சித்தி, பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவள், சபையில் பாட்டுக் குழுவில் பாடும் அக்கா என்று வரிசையாகப் பாலிசிகள். நான்கு மாதத்தில் கேட்க ஆள் இல்லாமல் போனது. ஆள் தீர்ந்ததும், சேர்த்துவிட்ட லீடர் போனை எடுக்கவில்லை.

அந்தப் பிள்ளை கொண்டுவந்த பத்திரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எதிலும் அதன் பெயர் இல்லை. எல்லாவற்றிலும் கேரளத்தில் இருக்கும் ஏதோ ஒரு முகவரின் பெயர். பாலிசிப் பத்திரம் கையில் கிடைத்ததிலிருந்து 30 நாளுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால், சிறிய பிடித்தம் போகப் பணம் திரும்ப வரும். ஃப்ரீ லுக் என்பது அதுதான். அந்த 30 நாள் எல்லாவற்றுக்கும் தாண்டியிருந்தது. தாண்டும் வரைக்கும், “பொறுங்க, அடுத்த மாசம் பெரிய இன்சென்டிவ் வருது” என்று லீடர் சொல்லிக்கொண்டே இருந்தாராம். அவருக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும்.

ஆணையத்துக்குப் புகார் எழுத நான் உதவி செய்தேன். அது ஒரு பக்கம் நடக்கிறது. எனக்கு மனதில் நிற்பது வேறொன்று. இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது அந்தக் கல்லூரியின் வாசலில் ஃபிளக்ஸ் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. ‘எங்கள் சாதனை மாணவர்கள்’ வரிசையில் அந்தப் பிள்ளையின் படமும், கீழே அந்த கம்பெனியின் பெயரும். அட்மிஷன் நேரம். அதைப் பார்த்து எத்தனை பால்வெட்டுக்காரர்கள் தங்கள் பிள்ளையை அங்கே சேர்த்தார்களோ!

உங்கள் நெருக்கடி எனக்குப் புரியாமல் இல்லை. கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு கொடுக்கும் நாக் அமைப்பு, எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள் என்று கேட்கிறது. நிர்வாகம் கேட்கிறது, பெற்றோர் கேட்கிறார்கள். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதல் இடம் நம் மாவட்டத்துக்கு, ஏறக்குறைய 92 சதவீதம். படித்த பிள்ளைகளுக்கு ஏற்ற வேலை இங்கே இல்லை. திருவனந்தபுரம், சென்னை, கல்ஃப் என்று போக வேண்டியிருக்கிறது. பெரிய கம்பெனிகள் நாகர்கோவில் வரை வர யோசிக்கும்போது, தானாக வந்து ‘ஐம்பது பேரை எடுக்கிறோம்’ என்று சொல்கிறவரை வேண்டாம் என்று சொல்வது பிளேஸ்மென்ட் ஆசிரியருக்குக் கஷ்டம்தான். பல கல்லூரிகளில் அவர் பாடமும் நடத்திக்கொண்டு இதையும் சேர்த்துப் பார்க்கிறவர்.

ஆனால் ஒன்றை யோசியுங்கள். முகவர் வேலைக்குச் சட்டப்படி பத்தாம் வகுப்பு போதும். நான்கு வருடம் பி.இ. படிக்க வைத்து, பத்தாம் வகுப்புக்காரர் செய்யக்கூடிய, சம்பளமே இல்லாத ஒன்றை வேலை என்று கணக்கில் எழுதுவது எந்த ஊர் நியாயம்? அதுவும் முறையான முகவர் வேலையாகக்கூட இல்லாதபோது?

மேடையில் போடும் வட்டக் கணக்கையும் ஒருமுறை நீங்களே போட்டுப் பாருங்கள்; கணிதத் துறை உங்களிடம்தான் இருக்கிறது. ஒருவர் ஐந்து பேரைச் சேர்க்க வேண்டும், அவர்கள் ஆளுக்கு ஐந்து பேரை. ஐந்து, இருபத்தைந்து, 125, 625, 3,125 என்று ஏறி ஒன்பதாவது படியில் 19,53,125 பேர் வேண்டும். 2011-இல் குமரி மாவட்டத்தின் மொத்த மக்கள்தொகை 18,70,374. ஆரல்வாய்மொழி முதல் நீரோடி வரை தொட்டில் குழந்தைகளையும் சேர்த்து எண்ணினாலும் ஒன்பதாவது படிக்கு ஆள் போதாது. உண்மையில் நம் ஊரில் இது மூன்றாவது படியிலேயே நின்றுவிடும். ஏனென்றால் அந்த 125 பேரும் ஒரே அன்பியம் (பங்குக் கோவிலின் தெருக் குழு), ஒரே சபை, ஒரே கல்யாண வீட்டுக்காரர்கள். ஒருவர் பட்டியலில் இருப்பவரே அடுத்தவர் பட்டியலிலும் இருப்பார்.

பழைய சிட்டியை, அதாவது சீட்டை, நடத்தியவர் நம் தெருவிலேயே குடியிருந்தார், ஏலத்தில் கண் முன்னால் பணம் கைமாறியது. அதுவும் பல முறை கவிழ்ந்ததை நாம் பார்த்திருக்கிறோம். 2017 செப்டம்பரில் மத்தம்பாலையில் நிதி நிறுவனம் ஒன்று மூடியபோது கேரள எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மாட்டிக்கொண்டன. அது சீட்டும் டெபாசிட்டும், செயின் இல்லை. முகவர் சங்கிலி வைத்துப் பணம் திரட்டியதற்குப் பெரிய உதாரணம் பி.ஏ.சி.எல். என்ற நிறுவனம். நாடு முழுக்க சுமார் 49,100 கோடி ரூபாய். 2014-இல் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி பணத்தைத் திருப்பித் தரச் சொன்னது. 2016-இல் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி முன்னாள் தலைமை நீதிபதி லோதா தலைமையில் கமிட்டி அமைந்தது. செபி சொல்லிப் பத்து ஆண்டுக்கு மேல் ஆகியும் பணம் முழுதாகத் திரும்பவில்லை. இப்படிப்பட்ட சங்கிலிகளில் பெரும்பாலும் தலைமையகம் எங்கோ டெல்லியிலோ கோவையிலோ இருக்கும். ஊர்க்காரர்கள் சட்டையைப் பிடிப்பது பக்கத்து வீட்டு ஏஜென்டைத்தான். பல ஊர்களில் அந்த ஏஜென்ட் அப்போதுதான் படிப்பு முடித்த பையன்.

எண்கள் வெளியே போகிற வழிக்கு வருகிறேன், இது உங்கள் கையில் இருக்கிற காரியம். பிளேஸ்மென்ட் பதிவுக்காக கூகுள் ஃபார்ம் ஒன்று போடுகிறீர்கள். பெயர், எண், மின்னஞ்சல், அப்பாவின் தொழில், சில இடங்களில் குடும்ப வருமானம்கூட. அந்த எக்செல் கோப்பு ஆசிரியரிடமிருந்து மாணவ ஒருங்கிணைப்பாளருக்கு, அங்கிருந்து வாட்ஸப் குழுவுக்கு, அங்கிருந்து போன வருடம் முடித்துப் போன சீனியருக்கு. அந்த சீனியர்தான் இன்றைக்கு அப்லைன். டிரைவ் நடத்த வருகிறவருக்கு, தேர்வாகாதவர்களின் பட்டியலையும் சேர்த்துக் கொடுத்து அனுப்பும் கல்லூரிகள் உண்டு. வேலைவாய்ப்பு முகாம்களில் மேசைமேல் திறந்து வைத்திருக்கும் பதிவு நோட்டை வரிசையில் நிற்கிறவர் போனில் படம் எடுத்துப் போவதை நானே பார்த்திருக்கிறேன். இவ்வளவு தாராளமாக நம் வீட்டு ஆதார் நகலைக்கூட நாம் கொடுப்பதில்லை.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்துவிட்டது. ஒரு காரியத்துக்கென்று ஒப்புதல் வாங்கி எடுத்த விவரத்தை இன்னொரு காரியத்துக்குக் கொடுக்கக் கூடாது என்பது அதன் அடிப்படை. நோட்டீஸ் வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். கோப்பை ஒரே ஆசிரியரிடம் வையுங்கள். கம்பெனிக்கு விண்ணப்பித்த மாணவர்களின் விவரம் மட்டும் போகட்டும், அதுவும் அவர்கள் சம்மதத்தோடு.

டிரைவ் நடத்த வருகிறவரிடம், தேதி கொடுப்பதற்கு முன், பதிவு செய்த கம்பெனிப் பெயரையும் நியமனக் கடிதத்தின் மாதிரியையும் எழுத்தில் கேளுங்கள். மாதச் சம்பளம் என்று ஒரு தொகை அதில் இருக்கிறதா, பி.எஃப். உண்டா, பயிற்சிக் கட்டணம், ஜாயினிங் ஃபீஸ், சொந்தப் பெயரில் பாலிசி என்று மாணவரிடம் ஏதாவது வாங்குவார்களா என்று பாருங்கள். காப்பீடு என்றால் எந்த நிறுவனம் நியமிக்கும் என்றும், மியூச்சுவல் ஃபண்ட் என்றால் விற்பவருக்கான ஏ.ஆர்.என். பதிவு யார் பெயரில் என்றும் கேளுங்கள். நேர்மையான ஆள் அரை நாளில் எல்லாவற்றையும் அனுப்பிவிடுவார். மற்றவர் உங்கள் போனையும் எடுக்க மாட்டார். கமிஷன் மட்டுமே உள்ள எதையும் பிளேஸ்மென்ட் சதவீதத்தில் சேர்க்காதீர்கள். சேர்த்தே ஆக வேண்டுமென்றால் சுயதொழில் என்று தனியாகக் காட்டுங்கள். ஃபிளக்ஸில் வேண்டவே வேண்டாம்.

அழைப்பு வந்துகொண்டிருக்கும் மாணவர்களுக்கும் வகுப்பில் இரண்டு நிமிடம் சொல்லலாம். விளம்பர அழைப்பு வேண்டாம் என்று டி.என்.டி. பதிவு போட்டுவிட்டால் மட்டும் இந்த அழைப்பு நிற்காது, ஏனென்றால் இவர்கள் பதிவு செய்த டெலிமார்க்கெட்டர்கள் இல்லை, சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்துதான் பேசுகிறார்கள். ஆனால் 1909 என்ற எண்ணிலோ, தொலைத்தொடர்பு ஆணையமான டிராயின் டி.என்.டி. ஆப்பிலோ ஏழு நாளுக்குள் புகார் செய்யலாம். 2025 பிப்ரவரியில் விதியைத் திருத்திய பிறகு, பதிவில்லாத எண்ணின்மேல் பத்து நாளில் ஐந்து புகார் வந்தாலே நடவடிக்கை எடுக்க வேண்டும். ஒரு வகுப்பில் அறுபது பேருக்கும் ஒரே எண்ணிலிருந்து அழைப்பு வந்திருக்கும். ஐந்து பேர் புகார் செய்வது பெரிய காரியம் இல்லை. பாலிசி ஏற்கெனவே கையில் வந்திருந்தால் காப்பீட்டு ஆணையத்தின் 155255 என்ற எண்ணுக்கோ பீமா பரோசா என்ற புகார்த் தளத்துக்கோ போகலாம். பணத்தைப் போடு, வட்டி தருகிறேன் என்று வாங்கியிருந்தால் ரிசர்வ் வங்கியின் சசேத் என்ற புகார்த் தளம், மாவட்டத்தில் பொருளாதாரக் குற்றப்பிரிவு.

தமிழ்நாடு அரசின் ‘நான் முதல்வன்’ திட்ட வகுப்புகளுக்கு வெளியாட்களை அழைத்துப் பேச வைக்கிறீர்கள். அதில் ஒரு மணி நேரம் கொடுத்தால் வருகிறேன். சாம்பிள் பாலிசிப் பத்திரம் கொண்டுவந்து, முகவர் பெயர் எந்தப் பக்கத்தில் இருக்கும், ஃப்ரீ லுக் எங்கே எழுதியிருக்கும் என்று பிள்ளைகள் கையிலேயே கொடுத்துக் காட்டுகிறேன். விசிட்டிங் கார்டு கொண்டுவர மாட்டேன், பணமும் வேண்டாம். வருகைப் பதிவுக்கென்று மாணவர்கள் பெயரும் போன் எண்ணும் எழுதும் தாளை மட்டும், தயவுசெய்து, என் மேசைமேல் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

இப்படிக்கு,
தக்கலையிலிருந்து ஓர் ஆயுள் காப்பீட்டு முகவர்